பழைய பிக்கப்பில் கியர் தகராறு: பாக்ஸை இறக்கும் முன் அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

கியர் சரியாக விழவில்லை என்றதுமே “பாக்ஸ் போச்சு, இறக்க வேண்டியதுதான்” என்று, அதாவது கியர்பாக்ஸையே கழற்ற வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பழைய பிக்கப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் நான் உறுதியாகச் சொல்வேன், பாக்ஸ் மேல் பழி விழும் கோளாறுகளில் பெரும்பாலானவை பாக்ஸுக்கு வெளியேதான் இருக்கின்றன. கிளட்ச் ஆயில், ஒரு பிளாஸ்டிக் புஷ், கிழிந்த மவுண்டிங் ரப்பர், அடைத்துப்போன பிரீதர் (மூச்சுக்குழாய்), இந்த மாதிரி. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாததை முதலில் வைத்திருக்கிறேன், பாக்ஸை இறக்குவது கடைசியில்தான் வரும். முதலில் மேனுவல், அப்புறம் ஆட்டோமேட்டிக்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதை முடியுங்கள்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான். வண்டியைத் தாங்க ஸ்டாண்ட் வேண்டும். கியரில் போட்டிருக்கிறோமே, நகராது என்று நம்பிவிடாதீர்கள். பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கினாலே டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) வழியாக அது சுழன்று தரையில் இருக்கும் சக்கரம் உருளலாம். பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியரும் சக்கரத்தைப் பிடிக்காது, ஆட்டோமேட்டிக்கின் பார்க்கும் பிடிக்காது.

அடுத்தது ஆயில். மேனுவல் பாக்ஸின் பக்கவாட்டில் நடு உயரத்தில் ஒரு ஃபில்லர் பிளக், அடியில் ஒரு டிரெயின் பிளக். எப்போதும் ஃபில்லர் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பல வருஷமாகக் கை படாத வண்டியில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். டிரெயினைத் திறந்து ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு மேல் பிளக் வரவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். சிறு விரலை உள்ளே விட்டு மடக்கினால் நுனி உடனே நனைய வேண்டும். நனையவில்லை என்றால் மற்ற எதையும் பார்க்கும் முன் அதை நிரப்புங்கள், அப்புறம் எங்கே போனது என்று தேடுங்கள்.

எந்த ஆயில் என்பதில் கவனம் தேவை. பழைய பாக்ஸ்கள் பலவற்றுக்கு ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 போகும். டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5 மீதி இருக்கிறது என்று இதில் ஊற்றக் கூடாது. அதன் வழுக்கலில், கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ ரிங் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது, கியர் நறநறக்கும். அதிலுள்ள சேர்மானங்கள் பித்தளையை அரிக்கவும் கூடும். எல்லா மேனுவல் பாக்ஸுக்கும் கெட்டி கியர் ஆயில்தான் என்றும் கிடையாது. ஃபோர்டு ரேஞ்சர், எஃப்-150 வண்டிகளில் வந்த எம்5ஓடி பாக்ஸுக்கு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான மெல்லிய ஆயில்தான் ஊற்ற வேண்டும், போர்க்-வார்னர் டி5 பாக்ஸ்கள் பலவும் அப்படித்தான். அந்தப் பாக்ஸில் கெட்டி ஆயிலை ஊற்றினால் காலையில் கியர் நகராது. வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு, கடைக்காரர் சொல்வது இல்லை.

## அறிகுறி: இன்ஜின் ஓடும்போது எந்தக் கியரும் விழ மறுக்கிறது

முதல் சோதனை ஒரு நிமிஷ வேலை. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள்.

### அணைத்திருக்கும்போது சுலபமாக விழுகிறது, ஓடும்போது விழவில்லை

பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, கிளட்ச் முழுதாக விடவில்லை. உறுதி செய்ய, ஐடிலில் கிளட்சை முழுக்க மிதித்து ஐந்தாறு நொடி பொறுத்து, மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். அவ்வளவு நேரம் பொறுத்தும் நறநறவென்றால், அல்லது கிளட்ச் மிதித்திருக்கும்போதே வண்டி முன்னுக்கு இழுக்கப் பார்த்தால், கிளட்ச் இழுக்கிறது என்று அர்த்தம்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் பானெட்டைத் திறந்து கிளட்ச் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, நிரப்பி மட்டும் விட்டுவிடாதீர்கள். கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் பாக்ஸின் வெளியே மாட்டியிருக்கும் வண்டியில் அதன் ரப்பர் பூட்டின் ஓரத்தை ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரால் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். உள்ளே காய்ந்த தூசி மட்டும் இருந்தால் சரி. கறுத்த ஈரம் வழிந்தால் உள் வாஷர் போய்விட்டது. பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் ஒழுகினால் பெடலுக்கு மேலே, ஓட்டுநர் பக்க ஃபயர்வாலில் (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகட்டில்) ஈரம் தெரியும், கால் விரிப்பின் மேல் பெயின்ட் உரியும். கிளட்ச் டப்பாவில் இருப்பதும் பிரேக் ஆயில்தான், அது பெயின்ட்டைத் தின்னும் என்பதால் அந்தத் தடயம் தப்பாது.

ஒழுகல் எதுவும் இல்லை, ஆனால் பெடலை நாலைந்து தடவை பம்ப் அடித்தால் கியர் விழுகிறதா? லைனில் காற்று இருக்கிறது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே ஸ்லேவின் நிப்பிளைத் திறந்து மூடி, குமிழி நிற்கும் வரை காற்றை எடுக்க வேண்டும். டப்பா வற்றாமல் பார்த்துக்கொள்வது முக்கியம், வற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காற்றை எடுத்தும் நிலைமை மாறவில்லை என்றால், ஒருவர் மிதிக்கும்போது ஸ்லேவின் ராடு எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். ராடு கொஞ்சமாகத்தான் நகர்கிறது என்றால் கோளாறு மேலே: மாஸ்டர் உள்ளுக்குள் விடுகிறது, அல்லது பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்புகிறது, அல்லது பெடல் மாட்டிய ஃபயர்வால் தகடே விரிசல் விட்டு வளைகிறது. ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொல்லுங்கள், உப்பினால் விரலில் தெரியும். பெடலைப் பார்த்துக்கொண்டே ஒருவர் மிதித்தால் தகடு அசைவதும் கண்ணுக்கே தெரியும்.

கேபிள் கிளட்ச் என்றால் வேலை சுலபம்: ஃப்ரீ பிளேயை (பெடலின் தொடக்க வெற்று அசைவை) சரிசெய்யுங்கள், கேபிளின் இழைகள் பிய்ந்திருக்கிறதா பாருங்கள்.

ராடு முழுக்கத் தள்ளியும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் கோளாறு பெல் ஹவுசிங்குக்குள், அதாவது இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கும் கூட்டுக்குள். ரிலீஸ் ஃபோர்க் விரிசல், பிரஷர் பிளேட் விரல் உடைவு, கிரேங்க் முனையில் இருக்கும் பைலட் பேரிங் இறுகுவது, இப்படி. ரொம்ப நாள் மழையில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதற்கு இன்ஜினை நன்றாகச் சூடேற்றி, அணைத்து, முன்னால் நீளமாக இடம் இருக்கும் திறந்த வெளியில் இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, வண்டி நகர்ந்ததும் ஆக்சிலரேட்டரைத் தட்டித் தட்டி விட்டால் பல சமயம் விட்டுவிடும். பாக்ஸை இறக்கும் முன் இதைச் செய்து பார்ப்பதே நல்லது.

### அணைத்திருந்தாலும் விழவில்லை

லீவர் பக்கம் பாருங்கள். லீவர் கஞ்சி கிண்டும் அகப்பை மாதிரி எல்லாப் பக்கமும் தொளதொளவென்று ஆடினால், அடியில் இருக்கும் புஷ் தேய்ந்து உதிர்ந்திருக்கும். டொயோட்டா பிக்கப்புகளில் லீவர் உட்காரும் பிளாஸ்டிக் புஷ் வயதானால் தூளாகிவிடுவது தெரிந்த விஷயம்தான். உள்ளிருந்தே ரப்பர் பூட்டைக் கழற்றி மாற்றிவிடலாம், வண்டிக்கு அடியில் போக வேண்டிய அவசியமே இல்லை. கீழே ராடுகளோடு வரும் பழைய மாடல்களில் ராடு முனைப் புஷ்களும் பின்களும் தேயும், இரண்டு கியர் ஒரே சமயம் விழுந்து லாக் ஆவது பெரும்பாலும் அதனால்தான். நியூட்ரலில் நிறுத்தி லீவர்களை நேர்படுத்தினால் தீர்ந்துவிடும்.

குளிரில் மட்டும் இறுக்கம், ஓடிச் சூடானதும் சரியாகிறது என்றால் ஆயில் கெட்டி, அல்லது ரொம்பப் பழசு. மாற்றிவிட்டு அப்புறம் பாருங்கள்.

வெளியே எல்லாம் சரி, லீவரைக் கழற்றி உள்ளே தெரியும் ரெயில்களை (கியரை மாற்றும் தண்டுகளை) ஸ்குரூ டிரைவரால் தள்ளினாலும் நகரவில்லை என்றால், மெக்கானிக்கைக் கூப்பிடும் நேரம் அது.

## அறிகுறி: ஒரே ஒரு கியரில் மட்டும் நறநற சத்தம்

இரண்டாம் கியர் என்றால் ஆச்சரியமே இல்லை, அதிகம் உழைப்பது அதன் சின்க்ரோதான். முதலில் கிளட்ச் இழுக்கிறதா என்று மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள், லேசாக இழுக்கும் கிளட்ச் முதலில் பலவீனமான சின்க்ரோவில்தான் தன்னைக் காட்டும். அடுத்து ஆயில் தரம். சரியான ஆயில் மாற்றி கொஞ்ச நாள் ஓட்டிய பிறகும் அந்த ஒரு கியர் மட்டும் நறநறத்தால் ரிங் தேய்ந்திருக்கிறது.

அதற்காக உடனே இறக்கச் சொல்ல மாட்டேன். நிதானமாக மாற்றினால், நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்தினால், குறைக்கும்போது இரட்டைக் கிளட்ச் போட்டு (நியூட்ரலுக்கு ஒருமுறை, கியருக்கு மறுமுறை மிதித்து) நியூட்ரலில் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால், தேய்ந்த ரிங்கோடும் நீண்ட காலம் ஓடும். ஆனால் நறநறக்கும் கியரை வலிந்து திணிக்கக் கூடாது. ரிங்கோடு போக வேண்டிய தேய்மானம் அதனால் கியரின் பல்லுக்குப் போய்விடும், அப்போது செலவு வேறு மாதிரி.

ரிவர்ஸ் மட்டும் நறநறக்கிறது என்றால் பெரும்பாலும் கோளாறே இல்லை. பழைய பாக்ஸ்கள் பலவற்றில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகு, கிளட்சை மிதித்து ஏதாவது ஒரு முன் கியரைத் தொட்டுவிட்டு, அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள். அப்படிப் போட்டும் நறநறத்தால் கிளட்சைப் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: ஓடும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது

லீவரைப் பிடித்துக்கொண்டு ஓட்டப் பழகிவிடுகிறார்கள் சிலர். அது உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கைத் தேய்க்கும், தீர்வு ஆகாது.

லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் பூட்டை முதலில் பாருங்கள், கேட்கச் சாதாரணமாக இருக்கும். புதிதாக மாட்டிய தடித்த பூட்டோ, ஒதுங்கிய தரை விரிப்போ லீவரைத் தடுத்து, கியர் முழு ஆழத்துக்குப் போகாமல் செய்யும். பூட்டைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது மவுண்டிங். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது லீவர் முன்னும் பின்னும் ஆடினால் இன்ஜின் மவுண்டிங்கோ பாக்ஸ் மவுண்டிங்கோ கிழிந்திருக்கிறது. பாக்ஸின் அடியில் பலகை வைத்து ஜாக்கால் லேசாகத் தூக்குங்கள். ரப்பர் இரண்டாகப் பிரிந்து இடைவெளி தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. அப்படியே பெல் ஹவுசிங் போல்ட்டுகளையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். அவை தளர்ந்தால் பாக்ஸ் இன்ஜினோடு நேர்கோட்டில் நிற்காது, டாப் கியர் கழன்று வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், ரெயிலை இடத்தில் பிடித்து வைக்கும், பாக்ஸின் மேல்மூடியில் இருக்கும் ஸ்பிரிங்கையும் குண்டையும் பாருங்கள். பல பாக்ஸ்களில் இதை வெளியிலிருந்தே ஒரு பிளக்கைக் கழற்றி மாற்றலாம். ஸ்பிரிங் உடைந்திருக்கும், அல்லது உட்கார்ந்திருக்கும். அதுவும் இல்லை என்றால் ஃபோர்க், கியரின் கடிவாய்ப் பற்கள், ஷாஃப்ட் பேரிங், இவை மூன்றில் ஒன்று. மூன்றுக்கும் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

டாட்ஜ் ராம் கம்மின்ஸ் டீசல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் வரும் என்வி4500 பாக்ஸில் ஐந்தாம் கியரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்து கியர் பின்னுக்கு நகர்ந்துவிடுவது பிரபலமான கோளாறு. ஐந்தாம் கியர் மட்டும் காணாமல் போனால் பாக்ஸ் முழுக்கப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், பின்பக்க ஹவுசிங்கைத் திறந்தாலே அந்த நட்டை எட்டலாம்.

## அறிகுறி: சத்தம்

சத்தத்தை எங்கே என்று தேடாதீர்கள், எப்போது என்று கேளுங்கள். காதை விட பெடலும் லீவரும் நன்றாக விடை சொல்லும்.

### நியூட்ரலில், கிளட்சை விட்டிருக்கும்போது உறுமல், மிதித்தால் நிற்கிறது

இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சி பாக்ஸுக்குள் வரும் தண்டு) பேரிங், அல்லது கவுன்டர் ஷாஃப்ட் (அதனால் சுழலும் பக்கத் தண்டு) பேரிங். ஆயில் அளவு முதலில். ஆயில் சரியாக இருந்து லேசான உறுமல் மட்டும் என்றால் பல வண்டிகள் அதோடு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. உறுமல் மாதத்துக்கு மாதம் ஏறினால் இறக்கத் தேதி குறியுங்கள்.

### மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது

பெடலில் லேசாகக் கால் வைத்த உடனே கீச்சிட்டால் கிளட்சை அழுத்தும் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்து, கியரும் விழுந்து, வண்டி நிற்கும்போது மட்டும் அலறினால் பைலட் பேரிங். இரண்டுமே பாக்ஸுக்குள் இல்லை, ஆனால் இரண்டுக்கும் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

### ஓடும்போது மட்டும் சத்தம்

எல்லாக் கியரிலும் ஊளை, ஆனால் டைரக்ட் கியரில், அதாவது பெரும்பாலான ஐந்து கியர் பாக்ஸ்களில் நாலாம் கியரில், சத்தம் குறைகிறது என்றால் கவுன்டர் ஷாஃப்ட் பேரிங்குகள். டைரக்ட் கியரில் பாரம் கவுன்டர் ஷாஃப்ட் மேல் ஏறுவதில்லை, அதனால் அது அடங்கும். ஒரே கியரில் மட்டும் ஊளை என்றால் அந்த ஜோடிக் கியரின் பற்கள்.

இனி, ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடுங்கள். சத்தம் வேகத்தோடு சேர்ந்து அப்படியே தொடர்ந்தால் சந்தேகம் பாக்ஸுக்குப் பின்னால் போகிறது: கிராஸ் ஜாயின்ட் (புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டு), சென்டர் பேரிங், டிஃபரன்ஷியல், வீல் பேரிங். ரிவர்ஸிலிருந்து முன்னுக்கு மாற்றும்போது ‘டக்’ என்று ஒரு அடி விழுந்தால் கிராஸைப் பாருங்கள். கட்டை கொடுத்து, நியூட்ரலில் விட்டு, புரொப்பல்லர் ஷாஃப்டை ஒரு கையாலும் கிராஸின் மறுபக்கம் இருக்கும் யோக்கை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருப்புங்கள். நடுவில் ஆட்டம் இருக்கவே கூடாது. கப் ஓரத்தில் செந்தூள் மாதிரித் துரு கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது.

ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், கழற்றிய கோட்டிலேயே திரும்பப் பூட்ட வேண்டும். மாற்றிப் பூட்டினால் ஒரு அதிர்வைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்குவீர்கள்.

## அறிகுறி: இன்ஜின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் ஸ்லிப். சோதனை: ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்து மிச்சத்தையும் எரிக்க வேண்டாம்.

ஃப்ரீ பிளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெடலின் மேல் சிறிது வெற்று அசைவு இல்லாமல் கேபிளோ ராடோ இறுக்கமாக நின்றால், யாரோ எப்போதும் பெடலில் கால் வைத்திருப்பது போலத்தான் அது. சரிசெய்தால் ஸ்லிப் நிற்கலாம். நிற்கவில்லை என்றால் லைனிங் தேய்ந்துவிட்டது, அல்லது ஆயிலில் நனைந்துவிட்டது. பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் ஆயில் சொட்டுகிறதா பாருங்கள். விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில், பாக்ஸின் இன்புட் சீல் போயிருக்கிறது. கறுப்பாக, மெலிதாக இருந்தால் இன்ஜின் ஆயில், கிரேங்கின் பின் சீல்.

எப்படியும் பாக்ஸை இறக்குவதென்று ஆனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இரண்டு சீல், எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள், ஃப்ளைவீலின் முகத்தையும் கடைந்து சமப்படுத்திவிடுங்கள். பேரிங் ஒன்றை மிச்சம் பிடித்துவிட்டு ஆறு மாதத்தில் மறுபடி இறக்குவதைப் போல வீண் வேலை வேறில்லை. பழைய கிளட்ச் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பாக்ஸை மார்பில் தாங்கி இறக்கும் பழக்கமும் வேண்டாம். பெரிய பிக்கப்பின் பாக்ஸ் ஒரு ஆள் எடை வரும், டிரான்ஸ்மிஷன் ஜாக் இல்லாமல் தொடாதீர்கள்.

## அறிகுறி: அடியில் ஆயில் சொட்டு

சீல் வாங்கப் போகும் முன் பிரீதரைப் பாருங்கள். பாக்ஸின் மேல் இருக்கும் அந்தச் சின்ன மூச்சுக்குழாய் சேறு அடைத்துக்கொண்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவே ஆயிலைத் தள்ளும். கழற்றிச் சுத்தம் செய்தால் பாதி ஒழுகல்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

அப்புறம் பாக்ஸ் முழுவதையும் கழுவித் துடைத்து, காய விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஆயில் காற்றில் பின்னுக்குப் பரவும், அதனால் ஈரம் ஆரம்பிக்கும் மிக மேலான, மிக முன்னான இடம்தான் குற்றவாளி. பின் முனையில் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் ஒழுகினால் சீலை மாற்றும் முன் யோக்கை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அதில் நன்றாகவே ஆட்டம் தெரிந்தால் உள் புஷ் தேய்ந்திருக்கிறது, புதுச் சீலும் சீக்கிரமே கிழியும். ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடத்தின் ஓ ரிங் அடுத்த சந்தேகம், மலிவு, ஐந்து நிமிஷ வேலை. எம்5ஓடி பாக்ஸில் மேல்மூடியின் பின்பக்கம் இருக்கும் ரப்பர் மூடிகள் காய்ந்து அங்கிருந்து ஏடிஎஃப் வெளியேறும். வெளியே பெரிதாகத் தெரியாமல் உள்ளே வற்றிப்போய் பேரிங் எரிவது அந்தப் பாக்ஸின் வழக்கமான முடிவு, ஆகவே அந்த வண்டி வைத்திருப்பவர்கள் அளவை அடிக்கடி பாருங்கள்.

நாலு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் பாக்ஸில் குறைந்து, முன் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் நிரம்பி வழிகிறதா? ஆயில் வெளியே போகவில்லை, நடுச் சீல் வழியாக இடம் மாறியிருக்கிறது.

## வடித்த ஆயில் சொல்வது

ஆயில் மாற்றும்போது அதை அப்படியே கொட்டிவிடாதீர்கள். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, டிரெயின் பிளக்கின் காந்தத்தில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்து அதன் மேல் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மை மாதிரி நைசான சாம்பல் பசை மட்டும் என்றால் இயல்பான தேய்மானம், நிம்மதியாக மூடலாம். ஆயிலுக்குள் மஞ்சளாக மினுக்கும் தூள், அது காந்தத்தில் ஒட்டாது, சின்க்ரோ ரிங்கின் பித்தளை. கொஞ்சம் என்றால் கவலையில்லை, நிறைய என்றால் எந்தக் கியர் நறநறக்கிறது என்று ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நகத்தால் பொறுக்கி எடுக்கும் அளவு சில்லு, ஊசி மாதிரி உருளைத் துண்டு, பல்லின் மூலை, இவற்றில் எது வந்தாலும் புது ஆயில் ஊற்றி ஓட்டாதீர்கள். அந்தத் துண்டைப் பொட்டலம் கட்டி மெக்கானிக்கிடம் கொடுங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர், பெரும்பாலும் ஆழமான நீரில் இறங்கியபோது பிரீதர் வழியாகப் போனது. இரண்டு முறை மாற்றிக் கழுவ வேண்டும்.

## ஆட்டோமேட்டிக்: டி போட்டதும் தாமதம், அல்லது வழுக்கல்

ஏடிஎஃப் அளவை இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் பார்க்கில், பழைய கிரைஸ்லர், டாட்ஜ் டார்க்ஃப்ளைட் பெட்டிகளில் நியூட்ரலில். அதற்கு முன் பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் வாருங்கள். அளவு குறைந்தால் தாமதம், வழுக்கல். கூடினாலும் அதேதான், நுரைத்துப்போய் அழுத்தம் நிற்காது.

டிப் ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். தெளிவான சிவப்பு நல்லது. பழுப்பு, ஆனால் தீய்ந்த வாசம் இல்லை என்றால் பேனை (பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை) இறக்கி, ஃபில்டரும் ஏடிஎஃப்பும் மாற்றிப் பார்க்கலாம். கறுப்பு, தீய்ந்த வாசம் என்றால் உள் கிளட்ச்கள் எரிந்திருக்கின்றன, எதை ஊற்றினாலும் திரும்பாது. இளஞ்சிவப்புப் பால் மாதிரி என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு தெரு கூட ஓட்டாதீர்கள். பல வருஷம் மாற்றாத பெட்டிக்கு மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பேனை இறக்கி வடிவதை மட்டும் மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றுவது பெட்டிக்குப் பதம்.

### கியர் தாமதமாக மாறுகிறது, மாறும்போது குலுக்குகிறது

ஃபோர்டு சி6 மாதிரி வேக்யூம் மாடுலேட்டர் (இன்ஜினின் உறிஞ்சலை வைத்துக் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சாமான்) உள்ள பெட்டியில் அதற்கு வரும் ரப்பர் ஹோஸ் விரிந்திருக்கிறதா, கழன்றிருக்கிறதா பாருங்கள். ஹோஸைக் கழற்றும்போது உள்ளே ஏடிஎஃப் ஈரம் தெரிந்தால் மாடுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. இன்ஜின் அந்த வழியே ஏடிஎஃப்பை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும், ஆயில் எங்கே போகிறது என்றே தெரியாமல் குறையும். பெட்டியை இறக்காமல் மாற்றக் கூடிய சாமான் இது.

ஜிஎம் 700ஆர்4 பெட்டியில் டிவி கேபிளைப் பாருங்கள், ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்று பெட்டிக்குச் சொல்லும் கேபிள் அது. கார்புரேட்டர் மாற்றியபோதோ வேறு வேலையின்போதோ அதைக் கழற்றி, அளவு பார்க்காமல் மாட்டியிருந்தால் அழுத்தம் குறைந்து, மூன்றாம், நாலாம் கியருக்கான உள் கிளட்ச் எரிந்துவிடும். இது சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

### சில கியர்கள் மட்டும் காணோம்

4எல்60-ஈ பெட்டியில் ரிவர்ஸ், இரண்டு, நாலு மூன்றும் ஒரே நாளில் போய், ஒன்றும் மூன்றும் மட்டும் இருந்தால் உள்ளே சன் ஷெல் (நடுக் கியரைச் சுழற்றும் கூடு) உடைந்திருக்கிறது. வெளியே செய்ய எதுவும் இல்லை. வேறு எந்தப் பெட்டியானாலும், ஏடிஎஃப் அளவும் லிங்கேஜும் (லீவரிலிருந்து வரும் இணைப்பும்) சரியாக இருந்து கியர் காணாமல் போனால் ஆட்டோமேட்டிக் தெரிந்த ஆளிடம் கொடுங்கள், மேனுவல் நன்றாகப் பார்க்கும் மெக்கானிக் எல்லோரும் இதையும் பார்ப்பார் என்று இல்லை.

அவரிடம் கொண்டுபோகும் விதமும் முக்கியம். பின் சக்கரங்கள் தரையில் உருள, நியூட்ரலில் போட்டு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பெட்டியின் பம்ப்பும் ஓடாது, உள்ளே ஆயில் ஏறாமலே எல்லாம் சுழன்று எரியும். பின் சக்கரங்களைத் தூக்கி இழுங்கள், அல்லது புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, திறந்த முனையை மூடிக் கட்டிவிட்டு இழுங்கள்.